பிள்ளையை எந்த வகுப்பில் மாற்றுவது?
மட்டாஞ்சேரித் தமிழர்கள் அறிந்து ஏற வேண்டிய கல்வி ஏணி

ஜூன் மாதத் தொடக்கம். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சாக்கு மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார்கள். அந்த மழையிலும் தெருவெல்லாம் புதுக்குடைகள். குடைக்குக் கீழே புதுப்பைகள். கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளை 'பிரவேசனோத்ஸவம்' என்று விழாவாகவே கொண்டாடுவார்கள். தோரணம் கட்டி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வரவேற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு தகப்பனாரை எந்த ஜூன் மாதத்திலும் காணலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஊர்ப் பள்ளிக்கூடத்து டி.சி., பிறப்புச் சான்று, ஆதார் அட்டை. பக்கத்தில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பையன். "ஊரிலே நாலாவது பாஸ் பண்ணிட்டான். அஞ்சாவதிலே சேர்க்கணும் டீச்சர்" என்கிறார் தகப்பனார். "இது எல்.பி. ஸ்கூல் ஆணு. நாலு வரைதான். அஞ்சுக்கு யு.பி. ஸ்கூலுக்குப் போகணும்" என்று பதில் வருகிறது.

தகப்பனாருக்கு விளங்கவில்லை. அவர் ஊரில் அஞ்சாவது வரை ஒரே கட்டடம். ஒரே நாடு, ஒரே படிப்பு; இங்கே மட்டும் நாலோடு ஏன் நிறுத்திவிட்டார்கள்?

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை தெரியாததால் பிள்ளைகளின் ஓராண்டு, இரண்டாண்டு வீணாவதும் உண்டு. சிலர் பயந்துகொண்டு பிள்ளையைப் பாட்டி வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே நம் நாட்டின் கல்வி ஏணி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் எந்தப் படியில் காலை மாற்றி வைக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வது பிழைக்க வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

பல மொழிகளின் ஊர்

மட்டாஞ்சேரிக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. 1818-ஆம் ஆண்டிலேயே டாசன் என்னும் பாதிரியார் இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார் என்று கொச்சி வரலாறு கூறுகிறது. பிற்பாடு இங்கே குடியேறிய ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்கென வழி தேடிக்கொண்டது. கொங்கணி மக்களின் திருமலை தேவஸ்வம் பள்ளி நடத்துகிறது. குஜராத்தி வியாபாரிகள் தங்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார்கள்.

தமிழர்களும் இவ்வூருக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். கோட்டைக் கொச்சி வெளி பகுதியில் உள்ள தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தாரின் உடுப்புகளைத் துவைக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள் பிறகு சேர்ந்தார்கள். வேலைக்கு வழி தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியவில்லை என்பதுதான் குறை.

ஏணி வந்த கதை

சுதந்திரம் வந்தபோது நாட்டில் ஒரே மாதிரியான பள்ளிப் படிப்பு இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. உயர்நிலைக் கல்வியைச் சீர்செய்ய மத்திய அரசு 1952-ல் ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைவர் ஒரு தமிழர்: சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அடுத்து, 1964 முதல் 1966 வரை டாக்டர் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கமிஷன் பாலர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை எல்லாவற்றையும் ஆராய்ந்தது. பத்தாண்டுப் பள்ளிப் படிப்பு, இரண்டாண்டு மேல்நிலை, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்னும் 10+2+3 முறை நாடு முழுவதும் பரவியது கோத்தாரி கமிஷனுக்குப் பிறகுதான். 1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 1986-ஆம் ஆண்டின் கொள்கையும் அதையே வலியுறுத்தின.

தமிழ்நாட்டில் 11 வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும், கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி.யும் இருந்த காலம் 1978-ல் முடிந்தது. அந்த ஆண்டு மேல்நிலைக் கல்வி, அதாவது 'பிளஸ் டூ', பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. கேரளம் அவசரப்படவில்லை. இங்கே எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரிக்குப் போய் இரண்டாண்டு 'ப்ரீ டிகிரி' படித்தார்கள். 1990-91-ல் சில பள்ளிகளில் பிளஸ் டூ தொடங்கியது. 2000-2001 அளவில் ப்ரீ டிகிரி கல்லூரிகளிலிருந்து முற்றிலும் எடுக்கப்பட்டது.

அரசியல் சட்டப்படி கல்வி முதலில் மாநிலங்களின் பொறுப்பாக இருந்தது. 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம் அதை மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்தை நடத்துவதும், பாடப்புத்தகம் அச்சிடுவதும், எந்த வகுப்போடு எந்தப் பள்ளியை முடிப்பது என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் மாநில அரசுகளே. மேலே 10, 12 என்பது பொது. கீழே ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிப்படி வெட்டிக்கொண்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை 5+3+3+4 என்று புதுக் கணக்குச் சொல்கிறது என்றாலும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பள்ளிகள் பழைய 10, 12 ஏணியில்தான் நடக்கின்றன.

இரண்டு ஏணிகள், வேறு வேறு மூட்டுகள்

தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளி. 6, 7, 8 நடுநிலை. 9, 10 உயர்நிலை. 11, 12 மேல்நிலை.

கேரளத்தில் 1 முதல் 4 வரை 'லோயர் பிரைமரி', அதாவது எல்.பி. 5, 6, 7 'அப்பர் பிரைமரி', அதாவது யு.பி. 8, 9, 10 ஹைஸ்கூல். 11, 12 ஹயர் செகண்டரி.

ஆகவே, 12-க்குக் கீழே இரண்டு ஏணிகளும் சரியாகப் பொருந்தும் இடம் 10-ஆம் வகுப்பு ஒன்றுதான். அதற்கும் கீழே தமிழ்நாட்டின் மூட்டுகள் 5, 8. கேரளத்தின் மூட்டுகள் 4, 7.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. பிள்ளையைக் கேரளத்துக்கு அழைத்து வருவதானால் ஊரில் 4 முடித்ததும் அழைத்து வருவது நல்லது. இங்கே 5-ஆம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுமே புதுப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். நம் பிள்ளை மட்டும் தனித்து நிற்காது. ஊருக்கு அனுப்புவதானால் 5 முடித்து அனுப்பினால் அங்கே 6-ல் எல்லாரும் புதியவர்கள். மேலே தொடர்ந்த தகப்பனாரின் பையன் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறான். தகப்பனாருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெரிய தடை வகுப்பு அல்ல, மொழி. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. அரசுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும்தான். கேரளத்தில் 5-ஆம் வகுப்பிலிருந்து இந்தி உண்டு; எஸ்.எஸ்.எல்.சி.யில் அது ஒரு தாள். ஊரில் 7 முடித்து இங்கே 8-ல் சேரும் பிள்ளைக்கு மலையாளம், இந்தி என்று இரண்டு புதிய எழுத்துகள் ஒரே நேரத்தில் தலையில் இறங்குகின்றன. 5-ல் வந்த பிள்ளையோ, இந்தியை மற்றவர்களோடு சேர்ந்து முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறது. மூன்று வகுப்பு வித்தியாசம் இங்கே மலைபோல் ஆகிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இதே சங்கடம். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். இங்கே மலையாளம் மட்டும் படித்த பிள்ளையை 9-ல் ஊருக்கு அனுப்பினால், தாய்மொழித் தாளே பயமுறுத்தும்.

எந்தப் பள்ளிக்கூடம்?

கேரளத்தில் மூன்று வகைப் பள்ளிகள். அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி, அன்-எய்டட், அதாவது தனியார் பள்ளி. எய்டட் பள்ளிக்குக் கட்டடமும் நிர்வாகமும் ஒரு சபையோ அறக்கட்டளையோ தனி மானேஜரோ பார்ப்பார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். 1957-ல் முதலாவது கேரள அமைச்சரவையில் கல்வி மந்திரியாக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் வேலைக்கும் உறுதி தேடியது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நடுவே 1959 ஜூலை 31-ல் அந்த அமைச்சரவையே கலைக்கப்பட்டது என்பது வரலாறு. ஒரு பள்ளிக்கூடச் சட்டம் ஓர் ஆட்சியை ஆட்டிய ஊர் இது.

இன்று கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட எய்டட் பள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். பெயரில் தேவஸ்வமோ புனிதரோ இருப்பதைப் பார்த்து, 'பணம் கேட்பார்கள்' என்று பயந்து திரும்பிவிட வேண்டாம். அரசுப் பள்ளியிலும் எய்டட் பள்ளியிலும் 8-ஆம் வகுப்பு வரை கட்டணமில்லை. மதிய உணவும் உண்டு. பள்ளிகளைக் கண்காணிப்பவர் ஏ.இ.ஓ. எனப்படும் உதவிக் கல்வி அதிகாரி. மட்டாஞ்சேரி அப்படி ஓர் உபஜில்லா. பள்ளியில் பதில் கிடைக்காதவர் முதலில் ஏற வேண்டிய படி அந்த அலுவலகத்தின் படிதான்.

மத்திய அரசு உத்தியோகத்தில், அடிக்கடி மாற்றலாகும் குமாஸ்தாக்களுக்கு 1963-ல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்கள் உண்டு. கொச்சியில் துறைமுகப் பகுதியிலும் கடற்படைத் தளத்திலும் அவை இருக்கின்றன. நாடெங்கும் ஒரே சி.பி.எஸ்.இ. பாடம் என்பதால் ஊர் மாறினாலும் படிப்பு மாறாது. கூலி வேலைக்காரருக்கு அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை. அவருக்கு மாநில அரசின் பாடமே கதி. அது குறைந்த பாடமும் அல்ல.

சட்டம் தரும் பிடிமானம்

2002-ல் செய்த 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் அதில் முக்கியமாக அறிய வேண்டியவை நான்கு.

ஒன்று, 8-ஆம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்று காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. இரண்டு, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. மூன்று, சேர்ப்பதற்கு நன்கொடை வாங்குவதும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதும் குற்றம். நான்கு, படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். "மலையாளம் தெரியாது, ஒன்றாவதில் உட்காரட்டும்" என்று பத்து வயதுப் பிள்ளையைச் சின்னக் குழந்தைகளோடு உட்கார வைப்பது சட்டத்துக்குப் பொருந்தாது.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு மொழி கைகொடுக்க, எறணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் 'ரோஷ்ணி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை அறிந்த மொழியிலிருந்து தொடங்கி, படிப்படியாக மலையாளத்துக்கு அழைத்துச் செல்வது அதன் முறை.

தமிழ் படிக்க முடியுமா?

முடியும்; ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. இடுக்கித் தோட்டப் பகுதிகளிலும், பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் தமிழ் வழிப் பள்ளிகள் நடக்கின்றன. திருவனந்தபுரம் சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் வருகிறது. முதல் மொழித் தாளுக்கு மலையாளம், தமிழ், கன்னடம், உருது, குஜராத்தி முதலியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விதியில் இடமிருக்கிறது.

அந்தப் பட்டியலில் குஜராத்தி ஏன் வந்தது? கடலோரத்தில் குடியேறிய அந்தச் சமூகத்தார் பள்ளி வைத்தார்கள், ஆசிரியரை அமர்த்தினார்கள், பிள்ளைகளைச் சேர்த்தார்கள். விதியில் இடம் இருந்தால் போதாது. வகுப்பில் பிள்ளை இருக்க வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 1949-ல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்கும் சொன்னது: ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் அந்த மொழிக்கு ஆசிரியர் தர வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் ஆணையாளர் இன்றுவரை பேசுவதும் இந்தக் கணக்கைத்தான். பத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பள்ளிகளில் சிதறிக் கிடந்தால் கேட்க ஆளில்லை. ஒரே பள்ளியில் சேர்ந்து, பெற்றோர் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் கேட்பதற்கு ஒரு பலம் வரும்.

அதே நேரத்தில் மலையாளத்தைத் தள்ளிவைப்பதும் புத்திசாலித்தனம் ஆகாது. 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி கேரளப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். மொழிச் சிறுபான்மையினருக்கும் பிற மாநிலங்களிலிருந்து வருவோருக்கும் தனி ஏற்பாடுகள் உண்டு. சோறு போடும் ஊரின் எழுத்தும் வேண்டும். வீட்டில் தினம் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பும் வேண்டும்.

பத்துக்கு மேலே

கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் மார்க்குக்குப் பதில் கிரேடு. 2005-ல் வந்த முறை. ஏ பிளஸ் உச்சம். மேற்படிப்புக்கு ஒவ்வொரு தாளிலும் குறைந்தது டி பிளஸ் வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து பாடம், 500 மார்க்; இங்கே பத்துத் தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பையனைத் திட்டிப் பயனில்லை.

பிளஸ் ஒன் சேர 'ஏகஜாலகம்' என்னும் ஒற்றை மனு முறை. இங்கே பிளஸ் ஒன் தேர்வும் பொதுத் தேர்வுதான். இரண்டாண்டு மார்க்கையும் கூட்டித்தான் முடிவு. எனவே 11 படித்துவிட்டு 12-க்கு மாநிலம் மாற நினைக்க வேண்டாம். 10 முடித்ததும் மாற்றலாம். இல்லையேல் 12 முடித்து மாற்றலாம்.

எல்லாரும் பிளஸ் டூ போக வேண்டும் என்பதில்லை. கேரளத்தில் 1983-84 முதல் தொழிற்கல்வி ஹயர் செகண்டரி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்து வாங்கும் தேசியச் சான்றிதழ் நாடெங்கும் செல்லும். பாலிடெக்னிக் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பட்டப்படிப்புக்கு மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே 1967-ல் தொடங்கிய கொச்சின் காலேஜ் இருக்கிறது. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு ஆனர்ஸ் முறை வந்துவிட்டது; மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறவும் வழி உண்டு. தமிழே எடுத்துப் படிக்க விரும்புவோருக்குச் சித்தூர் அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆராய்ச்சி வரை போவோருக்குக் கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை உண்டு.

ஊருக்குத் திரும்பும் எண்ணமா?

இங்கேதான் பலர் காலம் கடந்து விழித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. தமிழ் வழியில் படித்தவர்க்கு அரசு வேலையில் 20 சதவீதம் என்னும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட தகுதி வரை எல்லா வகுப்பையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் ஆணைப்படி, தமிழ்நாடு அரசு வேலைத் தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத் தமிழ்த் தாளில் 40 சதவீதம் வாங்கினால்தான் மற்றத் தாள் திருத்தப்படும்.

சாதிச் சான்றும் அப்படியே. அட்டவணை சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பிழைப்புக்காக மாநிலம் மாறியவர் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்புச் சொன்னது. ஊரில் அந்த உரிமை போய்விடாது. ஆகவே ஊரின் சான்றிதழ்களையும், பிறப்பிடச் சான்றையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

எனவே பிள்ளையை 5-ல் சேர்க்கும்போதே, 'பெரியவனானதும் இவன் எங்கே நிற்பான்?' என்று வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். இங்கேயே என்றால் மலையாளத்தில் கால் ஊன்றட்டும். ஊரில்தான் என்றால் 5-க்குப் பிறகு தாமதிக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் இழப்பு.

விட்டவர்க்கும் வழி

எறணாகுளம் 1990 பிப்ரவரியில் நாட்டிலேயே முதலாவது முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகக் கேரள எழுத்தறிவு மிஷன் 4, 7, 10, ஹயர் செகண்டரி ஆகியவற்றுக்கு இணையான படிப்புகளைப் பெரியவர்களுக்கு நடத்துகிறது. வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் சொல்லித்தர 'சங்ஙாதி' என்னும் திட்டமும் உண்டு. பாதியில் படிப்பை விட்டு மூட்டை தூக்க வந்தவரும், மனமிருந்தால் மறுபடி ஏணியில் கால் வைக்கலாம்.

அந்தப் பள்ளி வாசலில் நின்ற தகப்பனாருக்கு யு.பி. ஸ்கூல் அதிக தூரமில்லை. இரண்டு தெரு தாண்டினால் வந்துவிடும். மழை விடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டி.சி. நனையாமல் பார்த்துக்கொண்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்கலாம். இன்னொரு தமிழ்க் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பத்துப் பேர் சேர இனி எட்டுப் பேர்தான் வேண்டும்.